வீதியில் பொறுக்கிய முகங்கள்

அம்மா,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

இன்று பின்னேரம் விடுதியில் உடுப்பு எடுக்க றங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் கிடந்த சின்ன அட்டைப் படத்திலிருந்து கற்பூர வாசம் வந்தது. நீ சாமிப் படங்களோடு வைத்திருந்த படம். கறுப்பு நாடா நரைத்துவிட்டது, ஊசி துருப்பிடித்துவிட்டது. ஆனால் சேர்மன் அம்மா இன்னும் சிரிக்கிறார். அவர் கன்னத்தில் யாருடையதோ செருப்புத் தடமும் அப்படியே இருக்கிறது.

கிராமச் சங்கத் தலைவராக இருந்து, பிறகு கட்சி மேடைகளில் பேசிப் பெயரெடுத்த சேர்மன் ஐயாவின் மனைவி அவர். மலைநாட்டுக் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாங்கள் பரந்தன் சந்தியில் லொறியால் இறங்கியபோது எனக்கு ஐந்து வயது. சேர்மன் ஐயா எங்களுக்கு ஓர் இடம் பார்க்க அங்குமிங்கும் அலைந்துகொண்டிருந்தார். சேர்மன் அம்மா சோற்றைக் குழைத்துப் பிள்ளைகளின் கைகளில் உருண்டை உருண்டையாக வைத்தார். கடைசியில் உன் கையிலும் ஒன்றை வைத்து, “நீயும் ஒரு பிள்ளைதானே, சாப்பிடு” என்றார். இதைச் சொல்லும்போதெல்லாம் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொள்வாய்.

சில வருடங்கள் கழித்து, அவர் இறந்து பாடை எடுத்த நாளில் வீதி நெடுகக் கறுப்புக் கொடி. பெரிய ஆட்கள் எல்லாருடைய நெஞ்சிலும் அவருடைய படம் குத்தியிருந்தது. நமக்கு யாரும் குத்திவிடவில்லை. வேலியோரமாக நின்றோம். பாடை சுடலைப் பக்கம் திரும்பியபோது நெரிசலில் படங்கள் கழன்று விழுந்தன. மற்றப் பெண்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். நீ வீதியில் குனிந்தாய்.

“அம்மா, எல்லாரும் பாக்கிறாங்க.”

“பாக்கட்டும். அவங்க மொகத்த மிதிச்சிட்டுப் போறாங்க, புள்ள. நீ அந்தப் பக்கம் பொறுக்கு.”

நானும் பொறுக்கினேன். உன் முந்தானை முகங்களால் நிறைந்தது. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் துடைத்தாய். நல்லதொன்றைப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் சாத்திவைத்துக் கற்பூரம் காட்டினாய்.

பக்கத்துக் காணி மாமி அதைக் கண்டதும் வாயில் கை வைத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர், ஆசாரம் பார்க்கிறவர்.

“எடியே, செத்தவீட்டுப் படத்தை ஆரும் பிள்ளையாருக்குப் பக்கத்தில வைப்பினமோ? வீட்டுக்கு ஆகாது!”

“லொறியால எறங்குன அன்னைக்கு எங்களுக்குப் புள்ளையாரு சோறு போடலியே, மாமி. இவங்கதானே போட்டாங்க.”

மாமி சிரித்துவிட்டார். “உன்னோடை கதைச்சு வெல்லேலாது.”

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்ததும் நினைவுப் புத்தகம் கொடுப்பது இந்த ஊர் வழக்கம். கல்வெட்டு என்பார்கள். முன்பக்கத்தில் பெரிய படம், உள்ளே தேவாரம், இறந்தவரின் பிறப்பு, சுற்றம், குணநலம் எல்லாம் பாட்டாக. காய் வெட்டப் போன நீ ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாய். வெள்ளிக்கிழமைதோறும் நான் வாசிக்க, நீ கால் நீட்டிக் கேட்பாய்.

முதல் நாளே, “நமக்குச் சோறு போட்டத எழுதியிருக்காங்களா?” என்றாய்.

“இல்ல.”

“அப்ப நீ எழுது. அவங்க சொன்ன மாதிரியே எழுது.”

ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

பிறகு சண்டையின் கெட்ட நாட்கள் வந்தன. சேர்மன் ஐயாவின் வீடு எரிந்துபோனது. ஒரு நாள் அவருடைய மகள், நான் அக்கா என்று கூப்பிடுபவர், சைக்கிளை உருட்டிக்கொண்டு நம் வாசலுக்கு வந்தார்.

“அம்மாவின்ரை படம் ஒண்டும் மிஞ்சேல்லை. உங்களிட்டை இருக்கெண்டு மாமி சொன்னவா.”

கொடுக்காதே என்று உன் சேலையைப் பிடித்து இழுத்தேன். அந்தப் புத்தகம் போனால் வெள்ளிக்கிழமைகளில் நமக்கு என்ன இருக்கும்? நீ சாமிப் படங்களுக்கு முன்னால் போய் நின்றாய். உன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. திரும்பியபோது புத்தகமும் படங்களும் உன் கையில் இருந்தன.

அக்கா புத்தகத்தைப் புரட்டினார். என் பென்சில் எழுத்தில் கண் நின்றது.

“இது ஆர் எழுதினது?”

“எம் மகதான். நான் சொல்லச் சொல்ல எழுதுனா.”

அக்கா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். அழுதார். “நீங்களும் ஒண்டு வச்சிருங்கோ” என்று படங்களை நீட்டினார். நீ செருப்புத் தடம் போகாததைத் தேடி எடுத்தாய்.

“நல்லதெல்லாம் ஒங்களுக்கு. மிதிபட்டது எங்கிட்ட இருக்கட்டும். தொடச்சுக்கிட்டே இருப்பேன்.”

அதைவிடப் பெரிய கொடையை நான் புத்தகங்களிலும் வாசித்ததில்லை, அம்மா.

போன மாரியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. உனக்குக் கல்வெட்டு அடிக்க வசதியில்லை. அடித்தாலும் முன்பக்கத்தில் போட ஒரு படம் இல்லை, நீ ஒருநாளும் படம் பிடித்துக்கொண்டதில்லை. செத்தவீட்டில் நான் ஒன்றும் தின்னாமல் மூலையில் கிடந்தேன். யாரோ என் கையை இழுத்து விரித்தார்கள். அந்த அக்கா. மாமி வீட்டிலிருந்து வந்த சோற்றைக் குழைத்து, ஓர் உருண்டை பிடித்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“நீயும் ஒரு பிள்ளைதானே, சாப்பிடு.”

என் ஓரத்து வரியிலிருந்துதான் அந்தச் சொல் அவரிடம் போயிருந்தது. சாப்பிட்டேன், அம்மா.

உன் முகம் எந்த அட்டையிலும் இல்லை. அந்த உருண்டையின் சூடு மட்டும் இந்தக் கையில் இருக்கிறது. இந்த மிதிபட்ட படத்தை இனி நான் துடைப்பேன். உன் செத்தவீட்டுக்குப் பிறகு ஐயாவும் அக்காவும் எங்கே போனார்களோ தெரியாது. கண்டால், அந்தக் கல்வெட்டின் ஓரத்தில் இன்னும் எழுத வேண்டிய…

விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள். இந்த வரியை இருட்டில் தடவித்தான் எழுதுகிறேன்.