உன் பெயரில் ஒரு தெரு

கரிக்கலாம்பாக்கத்தில் நம் நிலம் இருந்த இடத்தில் இன்று காலை உன் பெயரைப் படித்தேன். நீலப் பலகை, வெள்ளை எழுத்து, பெயருக்குப் பின்னால் 'தெரு'. பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்றும் பார்த்தேன். வாத்தியார் பழக்கம். பிழை இல்லை.

நம் வீட்டில் பேரம் பேசுவது உன் வேலை. வகுப்பில் ஓயாமல் பேசியவன் நான். கடையில் ஒரு விலை சொன்னால் தலையாட்டிவிடுவேன். அறுவடை மிஷின்காரர் வந்த அந்தத் தை மாதத்தை நினைத்துக்கொள்கிறேன். நெல் சாயத் தொடங்கியிருந்தது, அவசரம் நமக்குத்தான். வந்ததுமே, "வாடகைய கொறைக்க முடியாதும்மா" என்றார்.

"கொறைக்க வாணாம்பா. எங்க நாலு பேரு நெலமும் ஒட்டினாப்புல கெடக்குது. வண்டிய ஒருவாட்டி எறக்குனா நாலையும் முடிச்சிட்டுப் போலாம். அதுக்கு நீயே ஒரு வெல சொல்லு" என்றாய்.

பிறகு நீ பேசவே இல்லை. அந்த அமைதி தாங்காமல் நான் வாயைத் திறந்தபோது என் காலை மிதித்தாய். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். "வாத்தியாரே, கேட்டுட்டா வாய மூடிக்கணும். மொதல்ல வாயத் தொறக்கறவந்தான் எறங்குவான்" என்று வரும் வழியில் சிரித்தாய்.

அதோடு விட்டாயா? விலை முடிந்து அவர் கிளம்பும்போது, நம் பின் நிலத்துக் கன்னியம்மாவின் சேற்று மூலையையும் அறுத்துவிட்டுப் போகச் சொன்னாய். "பேசி முடிச்சப்பறம் இன்னொண்ணு கேக்கணும். அப்ப இல்லன்னு சொல்ல மனசு வராது."

நீ போன பிறகு அக்கம்பக்கத்து நிலங்கள் மனைக்குப் போயின. அவற்றை வாங்கிய மனைக்காரர், நிலத்துக்காரர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத்தான் பேசினார். நால்வரையும் சேர்த்து உட்காரவைக்க நீ இல்லை. இரண்டு பக்கமும் மண் கொட்டி மேடாக்கியதும் நம் நிலத்தில் மிஷின் இறங்க வழியில்லாமல் போயிற்று. குத்தகைக்கும் ஆள் வரவில்லை. பின்னால் கன்னியம்மா மட்டும் கையால் அறுத்துக்கொண்டு விடாமல் பயிர் வைத்தாள்.

கடைசியில் நானும் அந்த மனைக்காரர் முன் உட்கார்ந்தேன். நீ செய்தது போலவே அவரை முதலில் விலை சொல்ல விட்டேன். என் விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவரும் மூடிக்கொண்டு போனைப் பார்க்கத் தொடங்கினார். உன் அமைதிக்குப் பின்னால் நாலு பேர் நிலம் இருந்தது. என் அமைதிக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியும். நான்தான் இறங்கினேன்.

எழும்போது அந்த 'இன்னொண்ணை'க் கேட்டேன். "வரப்போரம் ஓடுற வாய்க்கால மட்டும் மூடாதீங்க. கன்னியம்மா நெலத்துத் தண்ணி அதுலதான் வடியணும்." கேட்டுவிட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டேன்.

"வாய்க்கா வுட்டா மனை அடிபடும் சார்" என்றார். "ஒண்ணு பண்றேன். அந்தத் தெருவுக்கு உங்க வூட்டம்மா பேர வச்சிடலாம். இன்னா சொல்றீங்க?"

உன் பெயரை ஒரு பலகையில் எழுதி மனதுக்குள் பார்த்தேன். நான் பேசாமல் இருந்ததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வாய்க்கால் இருந்த இடம்தான் இப்போது உன் தெரு. இந்த மழைத் தண்ணீர் வடியவில்லை. கன்னியம்மாவின் நெல் கதிரிலேயே முளைத்துவிட்டது. இன்று காலை அவள் முழங்கால் தண்ணீரில் நின்று, முளைக்காத கதிராகப் பார்த்து அறுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"இங்கேர்ந்து பாத்தாகூட அக்கா பேரு நல்லாத் தெரியுது சார்."

குனிந்து மறுபடி அறுக்கத் தொடங்கினாள்.

அன்று நீ பக்கத்தில் இருந்திருந்தால், பேசச் சொல்லி என் காலை மிதித்திருப்பாய். 'பேரு வாணாம், வாய்க்கால வுடுங்க.' இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டும்.