வலது கையில் எடுத்த ரத்தம்

ஆமத்தூர்,
30.8.2025

அன்புத் தம்பி முத்துக்கிருஷ்ணனுக்கு,

அக்காள் பொன்மணி எழுதுவது. நலம் என்று எழுத மனம் வரவில்லை. நீ நலமா என்று கேட்க எனக்கு முகமும் இல்லை. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும் அங்கே குளிரா, சாப்பிட்டாயா என்று பேசி வைத்துவிட்டேன்.

நீ அனுப்பிய செய்தியை என் சின்னவள் மீனாதான் வாசித்துக் காட்டினாள். உன் சோதனையில் நோய் இல்லை என்று வந்த பிள்ளையே செத்துப்போனதால் பதினெட்டு வருட ஆராய்ச்சியும் பொய் என்று எழுதியிருந்தாய். கட்டுரையைத் திரும்பப் பெற்று, பதினைந்தாம் தேதியோடு வேலையையும் விடப்போவதாக எழுதியிருந்தாய். வாசித்து முடித்ததும் மீனா போனை என் மடியில் போட்டாள். "மாமாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

உன் ஆராய்ச்சி பொய்யில்லை தம்பி. நான்தான் பொய்.

நம் அப்பா சாம்பிள் வெடி போட்டுப் பார்த்த இடத்தில் ஒரு காயமும் இல்லாமல் சாய்ந்தபோது நீ பன்னிரண்டாவது படித்தாய். எல்லோரும் மாரடைப்பு என்றார்கள். நீ மட்டும் நம்பவில்லை. அதற்காகவே ஜெர்மனி வரை போய் இதயத்தைப் படித்தாய். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே உப்பு வெளியேறும் நுண்ணிய வாசல் ஒன்று இருக்கிறது, நம் குடும்பத்தில் அது சரியாகத் திறப்பதில்லை, திடீர்ச் சத்தம் கேட்டால் துடிப்பு தாறுமாறாகிவிடும் என்று எனக்குப் புரியும்படி சொன்னாய்.

போன வருடம் எங்கள் எல்லோருடைய ரத்தத்தையும் கேட்டாய். அப்போது மூத்தவள் சுகிர்தாவை விருதுநகரிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்து, "நோய் நொடி ஏதும் இருந்தா இப்பவே சொல்லிருங்க" என்றார். பள்ளிக்கூட மணிச் சத்தத்தில் அவள் இரண்டு தடவை மயங்கி விழுந்தது எனக்குத் தெரியும். வெயில் என்று சொல்லி மறைத்திருந்தேன்.

ரத்தம் எடுக்க வந்தவளிடம் சின்னவளை மட்டும் காட்டினேன். மூத்தவள் ஊரில் இல்லை, நாளைக்கு வா என்றேன். மறுநாள் வந்தது வேறு ஆள். மீனாவையே மறுபடி உட்கார வைத்தேன். இடது கையில் ஊசி குத்திய தடம் இருந்ததால் வலது கையை நீட்டச் சொன்னேன். குழாயில் சுகிர்தாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அக்காள் கல்யாணத்துக்காக என்றதும் அந்தப் பிள்ளை மறுக்கவில்லை.

அக்காளுக்கு மட்டும்தான் கோளாறு, பிள்ளைகள் இரண்டு பேரும் தப்பித்துவிட்டார்கள் என்று நீ போனில் அழுதாய். அன்றாவது சொல்லியிருக்கலாம். நீ எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

இந்த வைகாசியில் கல்யாணம். நம் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் தங்கள் சரவெடியைக் கொண்டுவந்து பெண்ணை அழைக்கும்போது கொளுத்தாமல் விடமாட்டார்கள். வெடி வேண்டாம் என்று உன் அத்தானிடம் கெஞ்சினேன். "பட்டாசுக்காரன் வீட்டுக் கல்யாணத்த ஊமையா நடத்தச் சொல்றியா?" என்றார். காரணத்தைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடுமே என்று பேசாமல் இருந்தேன். மண்டபத்து வாசலில் மாலையோடு நின்ற பிள்ளை முதல் சரத்துக்கே சாய்ந்துவிட்டாள். அன்று காலையில் என் மாத்திரையை நான் மறக்காமல் போட்டுக்கொண்டேன் தம்பி. அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்றைக்கு நீ போனில் கேட்டது ஒன்றே ஒன்று. "முன்னாடி மயக்கம் வந்திருக்காக்கா?" இல்லை என்றேன்.

அத்தானுக்கு நேற்றுச் சொல்லிவிட்டேன். கம்பெனிக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். தீபாவளி சீசன், ஆர்டர் நிறைய. மீனா கல்லூரிக்குப் போவதில்லை. அந்த வலது கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்தே வைத்திருக்கிறாள். இடது கையால் சாப்பிடுகிறாள்.

இந்தக் கடிதத்தை உன் மேலதிகாரிகளிடம் காட்டு. என் பெயரைப் போட்டே எழுது. அந்த இரண்டு குழாயையும் மறுபடி பார்த்தால் ஒரே ஆள் ரத்தம் என்று தெரிந்துவிடும் என்கிறாள் மீனா. பார்த்துவிட்டு அவளோடு பேசு. அவள் மேல் குற்றமில்லை என்று நான் சொன்னால் நம்பமாட்டாள், நீ சொன்னால் கேட்பாள். வேலையை விட்டுவிடாதே. வேறு எந்த வீட்டிலோ ஒரு பிள்ளை பிழைக்கட்டும்.

இங்கே தினமும் நாலு மணிக்கு சாம்பிள் வெடி போட்டுப் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் காதில் பஞ்சு வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வேன். இப்போது சாத்துவதில்லை.

நீ நீண்ட ஆயுளோடு இரு. மீனாவை உன் பிள்ளையாக நினைத்துக்கொள். பதில் எழுதினால் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. மாத்திரை போடுகிறாயா என்று மட்டும் கேட்காதே.

உன் அக்காள்,
பொன்மணி