மறையூர் வீட்டின் முதல் கிறிஸ்துமஸ்

ஏனுங்க,

இப்படிக் கூப்பிட்டு மூன்றரை வருடம் ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில் நான் இப்படிக் கூப்பிடும்போதெல்லாம், "அந்தோணின்னு ஒரு பேரு வச்சிருக்காங்கள்ல, அதச் சொன்னா வாய் சுளுக்கிக்கிடுமா?" என்று சிரிப்பீர்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண்ணுக்குப் புருஷன் பெயர் அவ்வளவு லேசில் வாயில் வராது என்பது, சின்னக்கானல் எஸ்டேட்டில் வளர்ந்த உங்களுக்குக் கடைசிவரை புரியவே இல்லை. இன்றைக்கும் எனக்கு இதுதான் வருகிறது. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. அத்தையும் மாமாவும் வீடு மாறிவிட்டார்கள். மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. இப்போது மறையூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கால் மணி நேரம் நடக்கிற தூரத்தில், கரும்புக் காட்டை ஒட்டிய ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, முன்னால் நாலு நாற்காலி போடுகிற அளவுக்கு ஒரு வராந்தா. சொந்த வீடு.

ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். மாமாவுக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. குளிர் இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேலே சின்னக்கானலில் பெய்கிற அந்த மழையும் மறையூரில் இல்லை, மூடுபனியும் இல்லை. அத்தைதான் ரொம்ப நாள் இழுத்தடித்தார். காரணம் உங்களுக்கே தெரியும். உங்களை எஸ்டேட் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு இறங்கி வர அவருக்கு மனசு வரவில்லை. கடைசியில் மாமா, "மாசத்துக்கு ஒருக்க பஸ் ஏறிப் போயிட்டு வருவோம்ளா. அவன் எங்கயும் போயிர மாட்டான்" என்றாராம். அதற்குப் பிறகுதான் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாராம்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் நானும் மெர்லினும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிளம்பினோம். பொள்ளாச்சியில் ஒரு பஸ், உடுமலையில் ஒரு பஸ். சின்னாறு காடு முழுக்க யானை தெரிகிறதா என்று ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டே வந்தாள் உங்கள் மகள். நாலாம் வகுப்பு படிக்கிறாள். உங்களைப் போலவே சாப்பிடும்போது ஒரு காலை மடக்கி உட்காருகிறாள், யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

மாமா அந்த வெயிலிலும் ஸ்வெட்டரோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார். "பழகிப் போச்சு தாயி, கழட்டினா என்னமோ சட்ட போடாத மாதிரி இருக்கு" என்றார். வீட்டுக்குப் போனதும் பையைக்கூட இறக்கி வைக்க விடவில்லை. ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போய் லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்துக் காட்டினார். "குழாயத் தொறந்து பாரு. வருது பாத்தியா? லைன்ல நிக்க வேண்டாம்." மெர்லின் திறந்தாள். மாமா அதையும் இப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தைக்கு ஒரே ஒரு குறை. லயத்தில் பக்கத்து வீட்டு இருமல் முதல் சண்டை வரை எல்லாம் சுவரைத் தாண்டி வருமே, இங்கே ஒரு சத்தமும் இல்லை. "முதல் வாரம் தூக்கமே வரலளா. நாம செத்துப் போயிட்டமோன்னு தோணிட்டு" என்றார். இப்போது பாட்டுப் பெட்டியை ஓடவிட்டுத்தான் படுக்கிறாராம்.

நீங்கள் போனபிறகு மூன்று கிறிஸ்துமஸிலும் அந்த வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. இந்தத் தடவை மாமா ஒன்று வாங்கி, அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். மெர்லின் கண்டுபிடித்து இழுத்துவிட்டாள். எல்லோரும் அத்தையின் முகத்தைப் பார்த்தோம். அவர் அட்டைப்பெட்டியைத் தூசி தட்டினார். பிறகு, "புது வீடு. இருட்டாக் கெடக்க வேண்டாம். கட்டுங்க" என்றார். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பாறையிலிருந்து பாசி உரித்து வருவோமே, மறையூர் வெயிலில் பாசி ஏது? கரும்புச் சோகையை வெட்டிக் கூரை போட்டாள் மெர்லின். நம் ஊர் மாட்டுக் கொட்டகை மாதிரியே இருந்தது.

இனி என் விஷயம்.

நம் ஊர்ப் பால் சொசைட்டியில் என்னோடு வேலை பார்க்கும் சிவராஜை உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொசைட்டிக் கட்டிடத்துக்கு ஒயரிங் செய்தபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர். "அந்த ஆளு வாயத் தொறக்கவே மாட்டேங்கான். ஆனா ஏணிய மட்டும் விடவே இல்ல" என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னீர்கள். தங்கைகளைக் கரையேற்றிவிட்டு, தான் கல்யாணம் செய்துகொள்ளாமலே இருந்துவிட்டவர். ஐப்பசியில் ஒருநாள், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று என்னைக் கேட்டார். நான் அத்தை மாமாவிடம் கேட்காமல் பதில் சொல்ல முடியாது என்றேன். "சரிங்க, போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

உங்களிடம் மறைக்க மாட்டேன். அவர் பக்கத்தில் இருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அதற்கு என்ன பெயர் வைப்பது? உங்களோடு ஓடி வந்த அந்த வயதில் இருந்தது வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று யாரைக் கேட்பது?

மெர்லினிடம் கேட்டேன். "அவரு நம்ம ஊட்டுக்கு வருவாரா, நாம அங்க போவமா?" என்றாள். நாம் எங்கேயும் போகவில்லை என்றதும் ஹோம்வொர்க் எழுதப் போய்விட்டாள்.

என் அம்மாவுக்குத்தான் நான் மறையூரில் போய்ச் சொல்வது பிடிக்கவில்லை. "போன மகராசனோட ஊட்டுல போய் யாராச்சும் இதைக் கேப்பாங்களா கண்ணு? எல்லாம் முடிச்சுப் போட்டுச் சொல்லிக்கலாம்" என்றார். என்னால் முடியாதுங்க. நம் கல்யாணத்துக்குப் பிறகு என் அப்பா இரண்டு வருடம் எனக்குக் கதவைத் திறக்கவில்லை. அப்போது ஒரே அறையுள்ள அந்த லயத்து வீட்டில், அத்தை தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். அவருக்குத் தெரியாமல் நான் என்ன செய்ய முடியும்?

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் சொன்னேன். அத்தை அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். மாமா வாசல்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மெர்லின் வெளியே விளையாடப் போயிருந்தாள்.

"உங்க ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணு சொல்லோணுங்க" என்று ஆரம்பித்து, சிவராஜைப் பற்றிச் சொல்லி முடித்தேன். "நீங்க வேண்டாமுன்னா வேண்டாங்க" என்றும் சொன்னேன்.

மாமா வெங்காயத்தைக் கீழே வைத்தார். "புள்ளய நல்லாப் பாத்துக்கிடுவானா?" என்று கேட்டார்.

"பாத்துக்குவாருங்க மாமா."

அவர் எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தார். "எங்க போறீக?" என்று அத்தை கேட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

அத்தை என்னைப் பார்த்தார். "மூணு வருசம். அதுக்குள்ள எம் மவன் பழசாயிட்டானா, ஏளா?"

சட்டியில் கிடந்த முறுக்கு கருகிவிட்டது. அத்தை அதை எடுத்து வெளியே எறிந்துவிட்டு, அச்சை மறுபடி மாவில் முக்கினார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர் சுட்டுக்கொண்டே இருந்தார். மத்தியான பஸ்ஸுக்கு மெர்லினைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போது அத்தை முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"டின்னுல அடுக்கு. ஒடையாம."

அடுக்கினேன்.

மத்தியானம் மாமா சாப்பிட வரவில்லை. போனில் கூப்பிட்டால் அது அலமாரியிலேயே அடித்தது. மூன்று மணியானது, நாலு மணியானது. அத்தை பத்துத் தடவையாவது ரோட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நானும் கூடவே போய் நின்றேன். எல்லாம் என்னால்தானே. "மாத்திரையும் எடுத்துட்டுப் போவல" என்றார் அத்தை, என்னிடமா தனக்குத்தானா என்று தெரியாமல். பிறகு உட்கார்ந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லி, மறுநாளுக்கான கோழியைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். பாதிக் கோழியில் கை நின்றது.

"அந்தப் பையன் கறி திம்பானா?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "சனிக்கிழமை மட்டும் திங்க மாட்டாருங்க அத்தை" என்றேன்.

"சனிக்கிழம வந்தா சாம்பார்தான் கெடைக்கும்னு சொல்லிரு" என்றார். சொல்லிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். கையெல்லாம் கோழி மஞ்சள். கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. நான்தான் துடைத்துவிட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் மூணாறு பஸ்ஸில் வந்து இறங்கினார் மாமா. "பசிக்கி" என்றார். சோறு போட்டுக் கொடுத்தோம். அவர் சாப்பிடும்போது அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, வேட்டி ஓரமெல்லாம் ஒட்டியிருந்த ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். எங்கே போனீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அந்தப் புல்லைப் பார்த்துத்தான் எனக்கும் அவர் போன இடம் தெரிந்தது.

கிறிஸ்துமஸ் காலையில் நாலு பேரும் மாதா கோவிலுக்கு நடந்து போனோம். மெர்லினுக்கு மஞ்சள் கவுன். புது ஊர் என்றாலும் அத்தைக்கு அதற்குள் ஐந்தாறு பேர் பழக்கமாகியிருந்தார்கள். பூசை முடிந்து அவர் எல்லோரிடமும் மெர்லினைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, மாமா என்னை வேலி ஓரமாகக் கூப்பிட்டார்.

"நேத்து மேல போயிருந்தேன் தாயி. அவன்ட்ட சொல்லிட்டேன்."

நான் அவர் பக்கம் நெருங்கி நின்றேன்.

"நீ தனியாப் போயி நின்னு சொன்னா அழுவ. அதான் நானே போயிச் சொல்லிட்டு வந்தேன். ஒம் பொண்டாட்டிக்கு ஒரு நல்லது நடக்கப் போவுது, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதலேன்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பொறவு நான்தான் ரொம்ப நேரம் அழுதுட்டு இருந்தேன். அதான் லேட்டு" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை வருட மருமகள், அதுவரை ஒருதடவை தொட்டதில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். புள்ளைக்கு இனிஷியல மட்டும் மாத்திராத. பள்ளிக்கூடத்துல மெர்லின் ஏ-ன்னு எழுதுவால்ல. அந்த ஏ எம் மவன்."

"மாத்த மாட்டனுங்க மாமா" என்றேன்.

அதற்குள் அத்தையின் சத்தம் வந்தது. "ரெண்டு பேரும் ரோட்டுல நின்னு என்ன பேச்சு? கறி சூடு பண்ண வேண்டாமா?"

அன்றைய சாப்பாட்டைப் பற்றி உங்களுக்கு எழுதினால் வயிற்றெரிச்சலாக இருக்கும். கோழிக் குழம்பு, ரசம், மறையூர் வெல்லம் போட்ட பாயசம். பக்கத்தில் வெல்லம் காய்ச்சுகிறவர்கள் சூடு ஆறாத உருண்டை இரண்டு கொண்டுவந்தார்கள். அத்தை பதிலுக்குக் கேக் வெட்டிக் கொடுத்தார். மெர்லின் வெல்லத்தைத் தின்றே வயிற்றை நிரப்பிவிட்டாள். மத்தியானம் வராந்தாவில் நாலு பேரும் பாய் போட்டுப் படுத்தோம். கரும்புக் காட்டுக் காற்று வந்தது. நான் தூங்கிப்போனேன். பகலில் அப்படித் தூங்கி எவ்வளவு நாளாயிற்று தெரியுமா?

மாமா உங்களிடம் முன்பே சொல்லிவிட்டார். ஆனாலும் என் வாயால் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது, அதற்குத்தான் இந்தக் கடிதம். தை பிறந்ததும் பதிவு ஆபீஸில் கையெழுத்துப் போடுகிறோம். கூட்டம் ஒன்றும் இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட மாமா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு இது. மெர்லின் பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்து, அவள் படிப்பு முடிந்து, வேலைக்குப் போய், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற நாள் வரைக்கும் அப்படியே இருக்கும். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறையூர் போவோம். அவர்கள் இரண்டு பேருக்கும் மலை ஏற முடியாத காலம் வந்தால், உங்களிடம் வந்து புல் பிடுங்குவது என் வேலை.

இந்தக் கடிதத்தின் கீழே என்னவென்று கையெழுத்துப் போடுவது என்று வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்பு போல எழுதினால் அது இனி பொய்யாகுமோ? எழுதாமல் விட்டால் அதுவும் பொய்தானே? நாங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று அத்தை பஸ்ஸடியில் நின்று, ஜன்னல் வழியாகப் பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் சொன்னார்: "எம் மருமவளும் பேத்தியும். உடுமல வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கிடுங்க." அதையே எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் மருமகள்
பூங்கொடி