தொதல் போன வீடு

29.10.2024
கணவருக்கு நீரிழிவு, அதுதான் சீனி வருத்தம், என்று தெரிந்தபின் வரும் முதல் தீபாவளி. கால்விரல் புண் இன்னும் ஆறவில்லை. பலகாரம் வேண்டாம், தர ஆசையென்றால் பழம் தாருங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. தங்கச்சி றஞ்சிதா மட்டும், "நல்ல வேலை செஞ்சாய் அக்கா. அத்தான் நமக்கு வேணும்" என்றாள். அழுகை வந்துவிட்டது.

31.10.2024
எங்கள் பள்ளிக்கூடத்துப் பரீனா டீச்சர் ஓட்டமாவடியிலிருந்து கொய்யாப்பழமும் வறுத்த கச்சான் கடலையும் கொண்டுவந்தார். மற்றவர்கள் வழக்கம்போல – லட்டு, அரியதரம், தொதல். எறிய மனமில்லை. வீட்டில் வைத்தால் இவர் கை சும்மா இருக்காது. எல்லாவற்றையும் றஞ்சிதாவிடம் கொடுத்தேன், பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று.

4.11.2024
இவர் வேலைக்குப் போகும்போது அவித்த கடலை கட்டிக் கொடுக்கிறேன். டப்பா வெறுமையாகத் திரும்புகிறது. சந்தோசம்.

14.11.2024
கிளினிக். சீனி கூடியிருக்கிறது. புண்ணும் பெருத்துவிட்டது. "வீட்டுல என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?" என்று டொக்டர் என்னைத்தான் கேட்டார். இவர் குனிந்து கால் கட்டைச் சரிசெய்தார். எங்கே பிழை விட்டேன்? சோற்றையும் குறைத்தேனே?

16.11.2024
தைக்கத் துணி கொடுக்க றஞ்சிதா வீட்டுக்குப் போனேன். வாசலில் இவருடைய மோட்டார் சைக்கிள். குசினியில் இருவரும். இவர் முன்னால் தொதல். நான் கொடுத்தது எப்போதோ முடிந்திருக்கும். இது புதுப் பெட்டி. என் கடலை டப்பா அவள் மடியில். அவள் தின்றுகொண்டிருந்தாள்.

"அத்தான் ஆசையாக் கேட்டா நான் எப்படி இல்லையெண்டுற, அக்கா?"

"உன்ட பொலிஸ் வேலை தாங்க ஏலாமத்தான் இஞ்ச வாறன்" என்றார் இவர்.

அவள் சிரிப்பை அடக்கினாள். நான் கண்டேன்.

சிரிச்சாள்! என்ட தங்கச்சி! நான் வெக்கத்த விட்டு ஊரெல்லாம் சொல்லித் திரிய, ரெண்டு பேரும் இருந்து என்னை நக்கலடிச்சிரிக்காங்க. அந்தப் புண்ணுக்கு என்னோட இருந்து மருந்து கட்டினவள்தானே அவள்? கண்டவள்தானே?

2.12.2024
விரலை எடுத்துவிட்டார்கள்.
றஞ்சிதா ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதாள். "ஒரு வார்த்தை பேசு அக்கா." நான் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

25.12.2024
எதிர்வீட்டார் நத்தார் கேக் தந்தார்கள். முன்பென்றால் உடனே வெளியே கொண்டுபோயிருப்பேன். இன்று மேசையில் வைத்துவிட்டு உடுப்புத் துவைக்கப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் இவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டிப் போய் கேற்றைத் திறந்தார். "ஆருக்காவது குடுத்திட்டு வாறன்."

வெறுங்கையோடு திரும்பினார். நான் ஏதாவது கேட்பேன் என்று கிணற்றடியில் நின்று பார்த்தார்.

யாருக்குக் கொடுத்தார் என்று கேட்கவில்லை. கேட்டால் இவர் சொல்வதை நம்ப வேண்டி வரும்.