காசு வாடாது

ஏனுங்க,

நேற்று சிங்கப்பூரில் ஒரு மருந்துக்கடையில் நின்றிருந்தேன். நம் மகளுக்குப் பிரசவமாகி இன்னும் பத்தியம் முடியவில்லை. அவளுக்கு மாத்திரையும் குழந்தைக்கு எண்ணெயும் எடுத்துக்கொண்டு குன்னூர் பேங்க் அட்டையை நீட்டினேன். கடைப்பெண் சின்ன மெஷினை என் பக்கம் திருப்பி வைத்தாள். ரூபாயில் கட்டுகிறாயா, சிங்கப்பூர் டாலரில் கட்டுகிறாயா என்று அதில் எழுத்து வந்தது. பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிற்கிறேன். கண்ணாடியில் ஒரு தூசியும் இல்லை.

"அந்த ஊர்க் காசுலயே போடச் சொல்லு அம்மிணி. ரூபாய்ன்னு சொன்னா அவன் வெச்சதுதான் ரேட்டு." உங்கள் குரல் பக்கத்தில் நின்று சொன்னது போலக் கேட்டது.

மேட்டுப்பாளையம் இறங்கினால் கோயமுத்தூர், இன்னும் போனால் பழனி. அதற்கு மேல் உலகம் உங்களுக்குத் தேவைப்படவில்லை. அப்படிப்பட்ட மனுஷன் எனக்கு வெளிநாட்டுக் காசுக்குப் பாடம் எடுத்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, கூடவே அழுகையும் வந்துவிடுகிறது.

தேயிலை விலை விழுந்த காலம் அது. ஜெகதளாவுக்குக் கீழே இருந்த நம் தோட்டத்தில் இலை பறிக்கிற கூலிக்கே விலை கட்டவில்லை. பக்கத்துத் தோட்டங்களில் பறிக்காமல் விட்ட செடி ஆள் உயரம் வளர்ந்து நின்றது. மஸ்கட் ஆஸ்பத்திரிக்கு நான் நர்ஸாகப் போனது அதனால்தான். மகளின் பள்ளிக்கூடத்தையும் சமையலையும் நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். பஸ் ஏறும்போது பேங்க் அட்டையை என் கையில் வைத்து, "அவசரத்துக்கு" என்று மட்டும் சொன்னீர்கள். பேசினால் அழுதுவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

முதல் சம்பளம் தாமதமானது. ஊரில் எடுப்பது போல அங்கேயும் அட்டையைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். ஒரு கடையில் ரூபாயிலேயே பில் போடவா என்றார்கள். சௌகரியமாய்ப் போயிற்று என்று தலையாட்டினேன். நீங்கள் பாஸ் புத்தகத்தில் பதிவு போட்டு, பேங்க் கழித்ததைப் பார்த்துவிட்டுப் போனில் குதித்த குதி இருக்கிறதே! இலை எடுக்க வரும் வேன்காரர்கள், மழை ஈரம் என்று சொல்லி ஒவ்வொரு மூட்டையிலும் எடையைக் கழிப்பார்கள். அந்தக் கோபம் மொத்தமும் அன்று பேங்க் மேல் திரும்பியது.

"தராசுலதான் ஈரத்துக்குக் கழிச்சான்னா, காசுலயுமா அம்மிணி ஈரம்?"

அதோடு விட்டீர்களா? பேங்கில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவை எடுப்பதற்கும் தனியாகப் பிடிப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தீர்கள். எடுத்தால் ஒரே தடவையாக எடு, விமான நிலையத்தில் மட்டும் காசு மாற்றாதே, நாலு கடை ஏறி இறங்கி விசாரித்துவிட்டு மாற்று என்றீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் நான் மேட்டுத் தெரு டெலிபோன் பூத்துக்குப் போன் செய்வேன். "சாப்பிட்டியா" என்று கேட்பதற்கு முன்னால் "இன்னைக்கு ரேட்டு என்ன?" என்று கேட்பீர்கள். என் அறைத் தோழி, "உன் வீட்டுக்காரருக்கு நீ வேண்டாம், ரியால்தான் வேண்டும்" என்று கேலி செய்வாள்.

எனக்கு உங்கள் ஆசை புரிந்திருந்தது. பறித்த இலையைச் சாயங்காலத்துக்குமேல் வைத்திருக்க முடியாது. மூட்டைக்குள்ளேயே சூடேறி வாடிவிடும். அதனால் வேன்காரர் சொன்ன விலைக்கு, ஆயுசு முழுக்க, அன்றன்றைக்கே தலையாட்டியவர் நீங்கள். விலை பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவைக்கக்கூடிய ஒரு பொருள் முதன்முதலாக அப்போதுதான் உங்களுக்குக் கிடைத்தது. "நில்லு அம்மிணி, ஏறட்டும். காசென்ன இலையா? வாடாது" என்று சொல்லும்போது உங்கள் குரலில் ஒரு மிடுக்கு வரும். அதைக் கேட்கவே நானும் காத்திருப்பேன்.

கடைசியாக அந்த மழைக்காலத்தில் பெரிய தொகையாகக் கேட்டீர்கள். செடி வெட்டுகிற கவாத்துக்கும் உரத்துக்கும் என்றீர்கள். பேசும்போது மூச்சு இறைத்தது.

"ஏனுங்க, இப்படி இறைக்குது?"

"மேட்டுல ஏறி வந்தேன்ல. நீ ரேட்டைச் சொல்லு."

"பணம் கையிலயே இருக்குங்க. நாளைக்கே அனுப்பிடறேன்."

"நில்லு. ஏறுமுகத்துல இருக்குது. இன்னொரு வாரம் பாக்கலாம்."

நம் ஊர் மேட்டில் ஏறினால் யாருக்கும்தான் மூச்சு வாங்கும். ஒரு நர்ஸிடம் சொல்ல இதைவிடப் பொருத்தமான பொய் உங்களுக்கு எங்கே கிடைத்தது? இன்னொரு வாரம் என்றீர்கள், அடுத்த வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னீர்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பூத்தில் போனை எடுத்தது உங்கள் தம்பி.

கோழிக்கோட்டில் இறங்கினேன். விமான நிலையத்துக் கண்ணாடிக் கூண்டில், நீங்கள் மாற்றாதே மாற்றாதே என்று தலையில் அடித்துக்கொண்ட அதே மாதிரி இடத்தில், இருந்த ரியால் முழுவதையும் தள்ளினேன். அவன் கொடுத்ததை எண்ணாமல் பையில் திணித்துக்கொண்டு டாக்சிக்கு ஓடினேன். கூடலூர் வழியாக மேலே வரும்வரை, நீங்கள் எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டவேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தேன். முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. போனில் குரல்தானே வரும், கால் வீக்கம் எப்படித் தெரியும்?

உங்கள் தம்பிதான் அழுதுகொண்டே சொன்னார். "கோயமுத்தூர்ல நெஞ்சு ஆபரேசனுக்கு வந்து படுக்கச் சொல்லிட்டாங்க அண்ணி. உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு. ரேட்டு ஏறட்டும், அவ சம்பாதிச்சதுல ஒரு ரூபாகூட வீணாப் போகக் கூடாதுன்னாரு."

எனக்கு உங்கள் மேல் கோபம். இத்தனை வருடமாகியும் தீரவில்லை. என் சம்பளத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? காரியம் முடிந்து நான் மஸ்கட் திரும்பிய வாரம் ரேட் ஏறியது. நீங்கள் காத்திருந்த அதே ரேட். கடைப் பலகையில் பார்த்தவுடன் பூத் நம்பரை அழுத்திவிட்டேன். மணி அடிக்க ஆரம்பித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

நேற்று மருந்துக்கடையில் டாலரையே அழுத்தினேன். உங்கள் பாடம் ஒன்றையும் நான் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்தால், மகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் உங்கள் தம்பிக்குக் கண் ஆபரேஷன், அதற்கு அவள் பணம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள்.

"இன்னைக்கு ரேட்டு மோசம்மா. கமிஷனும் சேத்தி நிறையப் போகுது. அடுத்த வாரம் பாக்கலாம், சித்தப்பாவுக்கு அவசரமில்லையாம்."

"அவசரமில்லைன்னு யாரு சொன்னது?"

"சித்தப்பாவேதான்."

நான் போட்ட சத்தத்தில் தொட்டிலில் குழந்தை விழித்து வீறிட்டது. "எவ்வளவு கழிச்சாலும் கழிக்கட்டும், இப்பவே அனுப்பு" என்று அழுகையும் ஆத்திரமுமாகக் கத்திக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். உங்களைத்தான் நினைத்துக்கொண்டாள் என்று தெரிந்தது. உடனே அனுப்பினாள்.

குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன். எவ்வளவு பிடித்தார்கள் என்று நான் கேட்கவில்லைங்க.