டீ குடிக்க அனுப்பிவிட்டு

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் இருக்கிறேன், அவ்வளவுதான். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

உங்கள் கம்பெனி பாய்லர் முனகுகிறது என்று ஆட்கள் சொல்கிறார்கள், நிச்சயமாகத் தெரியட்டும் என்று பார்க்கிறேன் என்றாயே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் எனக்கு அழுகைதான் வருகிறது. நீயும், அழாதே அக்கா என்று சொல்லி போனை வைத்துவிடுகிறாய். பக்கத்து வீட்டு லாரிக்காரர் நாளைக்கு அங்கே வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மாமா மேஸ்திரியாக இருந்த ஐஸ் கம்பெனியில் ஐஸ் உறைய வைக்கிற அமோனியா கேஸ் வாடை எப்போதும் அடிக்கும். நாளாக ஆகப் பழகிவிடும். புதிதாக வருகிறவன் வாடை என்றால், வந்துட்டான்யா புது மூக்கு என்று கேலி செய்வார்கள். இவரும்தான். அன்றைக்கு, அந்த வாரம் சேர்ந்த லோடுமேன், அண்ணே இன்னைக்குக் கண்ணெல்லாம் கரிக்குது என்றாராம். மூக்கைக் கழற்றி வீட்டில வச்சிட்டு வா என்று இவர் சிரித்தாராம். சிரித்தவர் மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தாராம். பிறகு, போய் டீ குடிச்சிட்டு வாங்கடா என்று எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, மெஷினை ஓடவிட்டபடியே தனியாக உள்ளே போயிருக்கிறார். கேஸ் குழாய் வெடித்துவிட்டது. அந்த லோடுமேனே என் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னார்.

முன்பு ஒரு தடவை சந்தேகப்பட்டு மெஷினை நிறுத்தினார். ஒன்றுமில்லை, ஐஸ்தான் உருகியது. உனக்கு என்ன ஜோசியம் தெரியுமா என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார். இவருக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. இப்போது அதே மேனேஜர் வந்து, சந்தேகம் இருந்தால் நிறுத்தியிருக்கலாமே அம்மா என்கிறார். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

நம்பாதவர் ஏன் ஆட்களை வெளியே அனுப்பினார்? நம்பியவர் ஏன் நிறுத்தவில்லை? யாரைப் போய்க் கேட்பேன் தம்பி?

உனக்கு மேலேயும் ஆள் இருப்பார்கள், உன்னையும் நாலு பேர் முன்னால் கேட்பார்கள். தெரியும். அக்காவால் அங்கே வந்து நிற்க முடியாது. கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், பாய்லரை அணைத்துவிடு சாமி. ஆட்களை வெளியே அனுப்பினால் நீயும் அவர்களோடு போய் நில். எட்டிப் பார்க்கப் போகாதே.

நீ நல்லா இருக்கணும். அணைச்சிட்டேன் என்று ஒரு வார்த்தை போனில் சொல். நான் அழமாட்டேன்.

உன் அக்கா