மணலில் புதையாத சக்கரம்

உ
கொளஞ்சியப்பர் துணை

விருத்தாசலம்,
ஆவணி 14.

என் கண்ணான கொளஞ்சிநாதனுக்கு உன் அம்மா சிந்தாமணி எழுதுவது. நான் சுகம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது என்பதை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

இந்தக் கவரை வண்டியின் கைப்பிடியில் கட்டச் சொல்லியிருக்கிறேன். ஆமாம், வண்டி வருகிறது. சென்னையில் அந்தமான் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே வைத்துவிடுவேன்.

போன மாதம் நீ சொன்னதை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து கடல் வரைக்கும் இருநூறு அடி மணல். கடலுக்குள் மூச்சு விடுகிற காற்று சிலிண்டர் ஒன்று பதினைந்து கிலோ. தோளில் தூக்கித் தூக்கி உனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இந்த சீசனிலும் தூக்க முடியாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆள் மாறினால் நீ எழுதப் போகிற, கடலுக்குள் முங்கச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் பரீட்சையும் போய்விடும். நம் ஊர் பீங்கான் கம்பெனிகளுக்கு வண்டி செய்கிற ஜெயராஜிடம் ஒன்று செய்து வாங்கி அனுப்பம்மா என்றாய்.

ஜெயராஜ் முதலில் தனக்குத் தெரிந்த வண்டியைத்தான் செய்தான். காயாத கப்புகளைப் பலகையோடு ஏற்றித் தள்ளுவார்களே, அதே வண்டி. சின்ன, கெட்டியான ரப்பர் சக்கரம். சிமெண்டுத் தரையில் ஒரு கப்பு ஆடாது. எனக்கும் அதுதான் வண்டி என்று பட்டது. நாற்பது வருஷமாக இந்த ஊரில் வேறு எதைப் பார்த்தேன்? மணிமுத்தாற்று மணலில் இறக்கிப் பார்த்தோம். நாலு தண்ணீர் கேன் ஏற்றினோம். பத்தடி போவதற்குள் சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது.

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஜெயராஜ் அங்கேயே சொல்லிவிட்டான், "அகலமா டயர் போட்டா ஓடும்க்கா, ஒரு வாரம் டைம் குடுங்க" என்று. நான் உனக்குப் போன் போட்டு, மணலில் எந்த வண்டியும் ஓடாதாம், பேசாமல் ஊருக்கு வந்துவிடு, இங்கேயே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கலாம் என்றேன். நீ கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் பேசியிருப்பேன். "சரிம்மா" என்றாய், அவ்வளவுதான். போனைக் கட் பண்ண மறந்துவிட்டாய். பக்கத்தில் யாரிடமோ சொன்னாயே, "எங்கம்மா பாவம்டா, எனக்காக இந்த வெயில்ல எங்கெல்லாம் அலைஞ்சிச்சோ" என்று. அது எனக்குக் கேட்டது. அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆனி மாதம் மணவாளநல்லூர் போய் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டினேன். ஏமாற்றினவன் மேல், திருடினவன் மேல் எல்லாரும் புகாரைச் சீட்டில் எழுதி சாமி முன்னால் கட்டுவார்கள். நான் கடல் மேல் எழுதினேன். சாமி, உன் பேரை வைத்திருக்கிற என் பிள்ளையைக் கடல் வைத்துக்கொண்டிருக்கிறது, வாங்கிக் கொடு என்று. பள்ளிக்கூடமே போகாதவள், அகல்விளக்குக் கடை விலைச்சீட்டைப் பார்த்துப் பார்த்து எழுதக் கற்றவள், ஒரு அடித்தல் இல்லாமல் எழுதினேன். எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று சீட்டுப் போடுகிறவர் கேட்டார். கிலோமீட்டர் கணக்கில்தானே கட்டணம். அந்தமான் என்றதும், "கடல்ல கிலோமீட்டர் யாரும்மா அளந்தது" என்று சிரித்தார். அதனால் சக்கரம் புதைந்தபோது, சாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்றே நினைத்தேன். நீ சொன்ன அந்த "பாவம்" என்ற வார்த்தை வந்திராவிட்டால் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பேன்.

மறுநாள் ஜெயராஜிடம் போய் அகல டயரே போடச் சொன்னேன். நாலும் ஆட்டோ டயர். மணலில் இறக்கும்போது காற்றைப் பாதி இறக்கிவிட வேண்டும், அப்போதுதான் பரந்து நிற்கும். உப்பும் மணலும் பட்டால் பேரிங் பிடித்துக்கொள்ளுமாம், அதனால் அதற்குப் பதிலாக அச்சில் நைலான் வளையம், புஷ் என்கிறான், போட்டிருக்கிறான். பலகையில் ஓட்டை இருக்கிறது, தண்ணீர் வடிவதற்கு. சிலிண்டரைப் படுக்க வைத்து பெல்ட் போடு, நிறுத்தி வைக்காதே. தினமும் நல்ல தண்ணீரில் கழுவு.

டயர் மாட்டி மறுபடி ஆற்று மணலில் இறக்கிப் பார்த்த அன்றைக்குத் தண்ணீர் கேன் கிடைக்கவில்லை. நாலு சிலிண்டர் அறுபது கிலோ. எதிர் வீட்டு வீராயி ரேஷன் கடைத் தராசில் அறுபத்திரண்டு. அவளையே ஏற்றி உட்கார வைத்தோம். "அடியே சிந்தாமணி, கவுத்துடாதடி, எம்புள்ள வெளிநாட்டுல இருக்கான், கொள்ளி வைக்க வரமாட்டான்" என்று ஆற்றங்கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். வண்டி புதையவே இல்லை. ஒரு கையால் தள்ளினேன், கொளஞ்சி. இருநூறு அடி எண்ணிக்கொண்டே போனேன். அதற்கப்புறமும் நிறுத்தத் தோன்றாமல் தள்ளிக்கொண்டே போனேன். வீராயி திரும்பிப் பார்த்து, "ஏண்டி அழுவுற?" என்றாள். கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்றேன்.

அங்கிருந்து நேராக மணவாளநல்லூர் பஸ் ஏறிப் போய் பிராதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "குறை தீந்துதாம்மா?" என்று அதே ஆள் கேட்டார். குறை தீர்ந்தவர்கள்தான் திரும்ப வாங்குவார்கள். தீர்ந்துதுங்க என்றேன். சாமி எதிரில் பொய் சொல்லிவிட்டேனோ என்று வழியெல்லாம் யோசித்தேன். இனிமேல் நிஜமாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கே வேறு செய்தி இல்லை. உன் அப்பா படத்துக்குப் பூ போடுகிறேன். இரண்டு டம்ளர் அரிசி வடித்தால் மிஞ்சுகிறது. ஒன்றாக்கிக்கொண்டேன்.

வண்டி வந்ததும் முதலாளியிடம் காட்டு. பரீட்சையை நன்றாக எழுது. பாரத்தை இனி முதுகில் ஏற்றாதே.

கவருக்குள் விபூதிப் பொட்டலம் வைத்திருக்கிறேன். தண்ணீருக்குள் இறங்கும்போது நெற்றியில் இட்டுக்கொள். அது கரைந்துவிடும், தெரியும். அதனால் கரைக்கு வந்ததும் மறுபடி ஒரு தடவை இட்டுக்கொள். முதல் தடவை மறந்தாலும் பரவாயில்லை, கரைக்கு வந்து இடுவதை மட்டும் ஒரு நாளும் மறக்காதே அப்பா.

அம்மா,
சிந்தாமணி